மலையிறங்கி இயற்பியல் படிப்போரின் கோரிக்கைச் சாசனம்

செம்மேடு, கொல்லிமலை
நவம்பர் செமஸ்டர் தேர்வுக்கு முன்பாக

இதை எழுதுகிறவர்கள் செம்மேட்டிலிருந்தும், வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று மலையின் பல நாடுகளிலிருந்தும் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கக் கீழே போகிற மாணவ மாணவியர்; எங்களை அனுப்பிவிட்டு வழி பார்த்திருக்கும் பெற்றோர்; இங்கே பள்ளியில் எங்கள் கையில் முதன்முதலாக வெர்னியர் அளவியைக் கொடுத்த ஆசிரியர்கள். உயர்கல்வித் துறை, பழங்குடியினர் நலத் துறை, எங்கள் கல்லூரிகள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகம், கல்லூரி முதல்வர்கள், மாவட்ட நிர்வாகம், அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆகியோருக்கு எழுதுகிறோம். தனித்தனியாகக் கொடுத்த மனுக்கள் தனித்தனியாகவே காணாமல் போகின்றன. அதனால் இதைப் பொதுமக்கள் முன்னிலையில் வைக்கிறோம்.

சலுகை மதிப்பெண் கேட்கவில்லை. வினாத்தாளை எளிதாக்கச் சொல்லவும் இல்லை. செமஸ்டரின் கடைசி ஐந்து வாரங்களில் நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ வீடு இருக்கிற மாணவருக்குக் கிடைக்கிற நேரம் எங்களுக்கும் கிடைக்க வேண்டும். குறிப்பாக, ஆய்வகத்தில் கருவியின் முன்னால் நிற்கிற நேரம். கீழே வருகிற எல்லாக் கோரிக்கைகளும் அந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

கடைசி ஐந்து வாரம்

ஒரு செமஸ்டர் என்றால் 90 வேலை நாள். காகிதத்தில் அந்த 90 நாளும் ஒரே மாதிரி இருக்கின்றன. நடப்பில் அப்படியில்லை. சேர்க்கை இழுக்கிறது, முதல் மாதம் கால அட்டவணைக்கே போய்விடுகிறது, ஆய்வக வகுப்பு தாமதமாகத் தொடங்குகிறது. பிறகு எல்லாம் கடைசியில் வந்து குவிகிறது: இறுதி இன்டர்னல், மாடல் தேர்வு, அசைன்மென்ட், செமினார், அரசின் நான் முதல்வன் திட்டப் பாடத்தின் தேர்வு, ரெக்கார்டு ஒப்படைப்பு, ப்ராக்டிகல், அதன் பின்னாலேயே தியரி. முந்தைய செமஸ்டரில் அரியர் இருந்தால் அந்தத் தாளும் இதே மாதத்தில்தான். 25 மதிப்பெண் இன்டர்னலும் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வும் என்ற கணக்கில், அந்த 25-இன் பெரும்பகுதி இந்த வாரங்களில்தான் தீர்மானமாகிறது.

இந்த நெருக்கடி எல்லா மாணவர்களுக்கும் உண்டு. நகரத்துப் பிள்ளைகளும் தூக்கம் கெட்டுத்தான் படிக்கிறார்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை. எங்களுக்கு அதன் மேல் இன்னொன்றும் இருக்கிறது. மலைமேல் இருக்கிற சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லில் இருக்கிற கல்லூரி என்றால் காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் கடந்து போக வேண்டும். போகவும் வரவும் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அந்த ஐந்து மணி நேரத்தில் கீழே இருக்கிற வகுப்புத் தோழர் ஒரு முழு அலகைப் படித்து முடித்துவிடுகிறார். பேருந்தில் படிக்கலாமே என்று சொல்பவர்களை ஒருமுறை அந்த வளைவுகளில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரச் சொல்கிறோம்.

எனவே கல்வியாண்டுத் தொடக்கத்தில் வெளியிடும் நாட்காட்டியிலேயே, ரெக்கார்டு ஒப்படைப்புக்கும் ப்ராக்டிகல் தேர்வுக்கும் நடுவில் ஒரு வாரமும், ப்ராக்டிகலுக்கும் முதல் தியரித் தாளுக்கும் நடுவில் ஒரு வாரமும் கட்டாயம் விட வேண்டும். செமினாரும் அசைன்மென்ட்டும் பத்தாவது வாரத்துக்குள் முடிய வேண்டும். இதற்குப் பணம் செலவாகாது. ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து தேதிகளை நகர்த்தினால் போதும்.

ஆய்வகம்: எங்கள் முதன்மைக் கோரிக்கை

வரலாறோ வணிகவியலோ படிக்கிற மலைப் பிள்ளைக்கும் சாலையின் கஷ்டம் உண்டு. ஆனால் விட்டுப்போன பாடத்தை நோட்டு வாங்கி எழுதிக்கொள்ள வழியிருக்கிறது. இயற்பியலில் பாதிப் படிப்பு கையில் இருக்கிறது, அதை நோட்டில் கடன் வாங்க முடியாது.

நியூட்டன் வளையங்கள் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் விளக்கைப் போட்டால் அது முழு மஞ்சளுக்கு வரவே பத்து நிமிடம் ஆகும்.  கண்ணாடித் தட்டைச் சாய்த்துச் சாய்த்து, நகரும் நுண்ணோக்கியில் வளையங்கள் தெளிவாகத் தெரிகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை திருகை ஒரே திசையில் மட்டும் திருப்பி, வளையம் வளையமாக ரீடிங் எடுக்க வேண்டும். நடுவில் ஒருமுறை பின்னால் திருப்பினாலும் திருகின் தளர்வு கணக்கில் புகுந்து எல்லாம் பிழையாகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல்முறை செய்கிறவருக்கு இதற்கு முழுதாக ஒரு பிற்பகல் வேண்டும். ஸ்பெக்ட்ரோமீட்டரும் அப்படித்தான். தொலைநோக்கியைத் தூரத்துப் பொருளுக்குச் சரிசெய்து, முப்பட்டக மேசையைச் சமன்படுத்தி, சிறும விலகல் நிலையில் நிறமாலைக் கோடு நின்று திரும்புகிற அந்தக் கணத்தைக் கண்ணால் பிடிக்கப் பழக வேண்டும். ஒரு நிமிடக் கோணம் வரை படிக்கிற கருவி அது. அவசரத்தில் படித்தால் அரை டிகிரி தவறும்.

இப்போது ஒரு கருவிக்கு நான்கு ஐந்து பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தவர் தொடுகிறார், கடைசியில் வந்தவர் ரீடிங்கை எழுதிக்கொள்கிறார். மலையிலிருந்து வருகிறவர் பெரும்பாலும் கடைசியில் வந்தவர். மாலையில் ஆய்வகத்தைக் கூடுதலாக ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலும் அது எங்களுக்குப் பயன்படுவதில்லை, கடைசிப் பேருந்து போய்விடும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமை. இருட்டின பிறகு சோளக்காட்டில் இறங்கி உள்ளூருக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் அனுப்பத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நாங்கள் குறையாகச் சொல்ல மாட்டோம். விடுதியிலிருந்து படிப்பவர்களுக்கும் முழு விடுதலை இல்லை. வீட்டில் ஒரு தேவை என்றால் வாரக் கடைசியில் மேலே வந்தே ஆக வேண்டும், சனிக்கிழமை ஆய்வகம் கைநழுவும்.

இப்படித்தான் கருவியைத் தொடாமலே ரெக்கார்டு நிறைகிறது. அப்ஸர்வேஷன் நோட்டில் கையெழுத்தும் விழுகிறது. ப்ராக்டிகல் தேர்வு நாளில் எக்ஸ்டர்னல் தேர்வாளர் எதிரில் வந்து நின்று, கேரி பாஸ்டர் பிரிட்ஜில் மின்தடைகளை ஏன் இடம் மாற்றி வைக்கிறாய் என்று கேட்கும்போது, புத்திசாலிப் பிள்ளையும் வாயடைத்து நிற்கிறது. அறிவில் குறை இல்லை. அந்தக் கருவியோடு பழகவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இது. ப்ராக்டிகல் தேர்வுக்கு முந்தைய நான்கு வாரங்களில், தொலைவிலிருந்து வருகிற மாணவர்களுக்கென்று வாரத்தில் ஒரு முழுப் பகல் ஆய்வகத்தை ஒதுக்குங்கள். காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை, ஒரு கருவிக்கு இருவர் மட்டும். அந்த நாளுக்கு ஆய்வக உதவியாளர் இருக்க வேண்டும், அவருக்குரிய படியைத் துறை தர வேண்டும். தேர்வு நாளில் காலைப் பிரிவா பிற்பகல் பிரிவா என்பதைப் பதிவெண் வரிசைப்படி மட்டும் தீர்மானிக்காமல், மலையிலிருந்து வருகிறவர் தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ள இடம் தாருங்கள். கல்லூரிகளில் இயற்பியல் துறையின் காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். கௌரவ விரிவுரையாளர்கள் எங்களுக்காக எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை நாங்கள் நேரில் பார்க்கிறோம், அவர்களுடைய பணி நிலைப்பதும் எங்கள் கோரிக்கைதான். செமஸ்டர் நடுவில் ஆசிரியர் மாறினால் ஆய்வகத்தில் முதலில் பாதிக்கப்படுவது நாங்கள்.

மழையும் வருகைப்பதிவும்

ஒற்றைப்படை செமஸ்டர் முடிகிற காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்று. அக்டோபர், நவம்பரில் மண் சரிகிறது, மரம் விழுகிறது, மூடுபனியில் பேருந்து ஊர்ந்து போகிறது, சில நாட்களில் போகவே இல்லை. மழைக்கு விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். மேலே கொட்டிக்கொண்டிருக்கும்போது நாமக்கல்லில் வெயில் அடித்தால் கல்லூரிக்கு விடுமுறை இல்லை. கல்லூரியின் ஏட்டில் நாங்கள் அன்று வராதவர்கள்.

தேர்வெழுத 90 நாளில் 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். மொத்தம் 22 நாள் இடைவெளி. காய்ச்சலுக்கும் வீட்டுச் சாவுக்கும் திருவிழாவுக்கும் அதிலிருந்துதான் எடுக்கிறோம். மழை அதன் மேல் கை வைக்கும்போது வருகைக் குறைவுக்குக் கட்டணம் கட்டி மன்னிப்பு வாங்குகிற நிலைக்கு வருகிறோம், அல்லது ஹால்டிக்கெட்டே வராமல் நிற்கிறோம். சாலை மூடியதற்கு மாணவர் அபராதம் கட்டுவது நியாயமா என்று உங்களையே கேட்கிறோம்.

மலைச்சாலையில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதாக வருவாய்த் துறையோ நெடுஞ்சாலைத் துறையோ பதிவு செய்த நாட்களை, கொல்லிமலை முகவரி கொண்ட மாணவர்களுக்கு வேலை நாள் கணக்கிலிருந்தே நீக்குங்கள். பெற்றோர் கையெழுத்து, ஊராட்சித் தலைவர் சான்று, மருத்துவச் சான்று என்று எதற்கும் அலையவிட வேண்டாம். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கல்லூரிக்கு ஒரு கடிதம் நேராகப் போனால் போதும். ப்ராக்டிகல் தேர்வு அன்றே சாலை மூடினால், இரண்டு வாரத்துக்குள் மறுதேர்வு நடத்துங்கள். ப்ராக்டிகலைத் தவறவிட்டால் அடுத்த முறை அதே தேர்வு வருகிற வரை காத்திருக்க வேண்டும். இறுதியாண்டில் அது நடந்தால் எம்.எஸ்சி. சேர்க்கையும் பி.எட். சேர்க்கையும் அந்த ஆண்டு போய்விடும்.

இரட்டைப்படை செமஸ்டரில் மழைக்குப் பதில் அறுவடை. காப்பிப் பழம் எடுத்து முடிகிறபோது மிளகு தொடங்கிவிடும். கூலிக்கு ஆள் வைக்க முடியாத வீடுகளில் பிள்ளைகள் கைகொடுத்துத்தான் ஆக வேண்டும். இதற்காக விடுமுறை கேட்கவில்லை. பிப்ரவரி, மார்ச் மாதத்து இன்டர்னல் ஒன்றைத் தவறவிட்டவருக்கு ஒரே ஒரு மாற்றுத் தேதி கேட்கிறோம்.

செம்மேட்டில் ஓர் ஆய்வகம்

எங்களைக் கீழே கொண்டுபோவதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்தச் சாசனம் பாதியில் நின்றுவிடும். ஆய்வகத்தின் ஒரு பகுதியை மேலே கொண்டுவர முடியும்.

தமிழ்நாட்டில் இயற்பியல் மலையேறிப் பல காலமாகிறது. கொடைக்கானலின் சூரிய ஆய்வகம் 1899-இல் வந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. எங்களுக்கு மிக நெருக்கமானது ஜவ்வாது மலையின் காவலூர். அதுவும் எங்களைப் போன்ற மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிற மலை. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-இல் கண்டவர்களில் காவலூரில் தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. மலையின் உயரத்தையும் இருட்டையும் அறிவியல் தன் தேவைக்கு இப்படிப் பயன்படுத்திக்கொண்டது. மலைகளில் பிறந்த பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு வர வேண்டும்.

செம்மேட்டில் பெரிய தொலைநோக்கி கேட்கவில்லை. அரசுப் பள்ளி வளாகத்திலோ ஊராட்சி ஒன்றியக் கட்டடத்திலோ ஓர் அறை, பூட்டுடன். ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒரு நகரும் நுண்ணோக்கி, சோடியம் விளக்கு, முறுக்கு ஊசல், லீ தட்டு, பொட்டென்ஷியோமீட்டர், மின்னணுச் சுற்றுகளுக்கான பலகைகள். மின்சாரம் போனால் தாங்க ஒரு யுபிஎஸ். புது தில்லியில் இருக்கிற, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம், குறைந்த செலவில் இயற்பியல் சோதனைகள் செய்வதற்கென்றே எக்ஸ்பைஸ் என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. கையடக்கமான பெட்டி அது. கணினியில் செருகினால் அலைநோக்கியாகவும் மின்னழுத்த அளவியாகவும் வேலை செய்யும். டயோடின் தன்மை, மின்தேக்கியின் மின்னிறக்கம், ஒலியின் வேகம் ஆகியவற்றை அதில் அளக்கலாம். அதற்கான மென்பொருள் இலவசம், அரசு தந்த மடிக்கணினியிலேயே ஓடும். அப்படிப் பத்துக் கருவிகள் செம்மேட்டில் இருந்தால், மழையில் சாலை மூடிய வாரமும் எங்களுக்குப் படிப்பு வாரமாகும்.

இணையவழி ஆய்வகம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். ஒன்றிய அரசின் மெய்நிகர் ஆய்வகங்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். சோதனையின் படிகளை மனத்தில் வாங்க அவை நன்றாக உதவுகின்றன. ஆனால் திரையில் வருகிற வளையம் எப்போதும் தெளிவாகவே இருக்கிறது. திருகு தளர்வதில்லை, முப்பட்டகம் சாய்வதில்லை. பிழையைத் தேடிப் பிடிக்கிற பயிற்சி அங்கே கிடைக்காது. சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்கிற எங்களுக்கு அதைத் திறந்து பார்ப்பதே பெரும்பாடு. ஆகவே அதை மாற்றாக ஏற்க மாட்டோம், துணையாக ஏற்கிறோம்.

மலையில் செய்தால்தான் தெரிகிற இயற்பியலும் இருக்கிறது. செம்மேடு கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே. காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, தண்ணீர் 96 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். எங்கள் அம்மாமார்களுக்குப் பருப்பு வேகத் தாமதமாவதாக அது தெரியும். லீ தட்டுச் சோதனையில் நீராவியின் வெப்பநிலை 100 டிகிரி என்று பார்க்காமலே எழுதிவிடுகிற மாணவர், இங்கே வெப்பமானியைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். பேருந்தின் கொண்டை ஊசி வளைவும் ஒரு சோதனை மேடைதான். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், மையநோக்கு முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.7 மீட்டர் வருகிறது, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. கைப்பேசியின் உணரிகளைக் கொண்டு இதை அளக்க, ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது. சிக்னல் இல்லாமலும் அது வேலை செய்யும். கொதிநிலை, வளைவு முடுக்கம் போன்ற அளவீடுகளை ஆறாம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டாக எடுத்துச் செய்ய மலை மாணவர்களுக்கு அனுமதி வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் செமஸ்டருக்கு இருமுறை செம்மேடு வந்துபோகப் பயணப்படியும் வேண்டும்.

பெங்களூரிலிருந்து காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் பழங்குடியினர் நலத் துறை பேசி, ஆண்டுக்கு ஒருமுறை கொல்லிமலை, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை மாணவர்களுக்குச் சேர்த்து ஒரு பயிற்சி முகாம் நடத்தித் தரவும் கேட்கிறோம்.

மற்றவை

தேர்வு மாதங்களான நவம்பரிலும் ஏப்ரலிலும், தேர்வு அட்டவணையைக் கல்லூரிகளிடம் வாங்கிப் பார்த்து, காலையில் ஒரு பேருந்தும் மாலையில் ஒரு பேருந்தும் அதற்கேற்ப விட வேண்டும். தேர்வன்று பேருந்து பழுதானால் மாற்று வண்டி காரவள்ளியில் நிற்க வேண்டும்.

நலத்துறை விடுதிகளைப் படிப்பு விடுமுறையில் மூடக் கூடாது, சமையலையும் நிறுத்தக் கூடாது. இரவு பதினொன்று வரை படிப்பறையில் விளக்கு எரிய வேண்டும்.

அசைன்மென்ட்டும் தேதி மாற்றமும் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வந்து, மறுநாள் காலை ஒன்பதுக்கு முடிந்துவிடுவது நிற்க வேண்டும். எந்த அறிவிப்பும் முதலில் துறையின் பலகையில் ஒட்டப்பட வேண்டும், ஒட்டியதிலிருந்து மூன்று நாள் அவகாசம் வேண்டும்.

தமிழ்வழியில் எழுதுகிறவர்களுக்குக் குவாண்டம் இயக்கவியல், திண்மநிலை இயற்பியல், மின்னணுவியல் ஆகியவற்றில் இன்றைய பாடத்திட்டத்துக்கான நூல்கள் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு நெருங்கும்போது மனம் உடைகிற பிள்ளைகளும் எங்களிடையே உண்டு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர், தோற்றால் ஊரில் முகம் காட்ட முடியாது என்று நினைத்துக்கொள்கிறார். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை வகுப்பறைக்கு வகுப்பறை எழுதி வையுங்கள். அதோடு, ஒவ்வொரு கல்லூரியிலும் மலை மாணவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிற ஆசிரியர் ஒருவரை நியமியுங்கள். வராத நாளில் அபராதக் கணக்கு எழுதுவதற்கு முன், ஏன் வரவில்லை என்று வீட்டுக்கு ஒரு போன் செய்கிறவராக அவர் இருக்கட்டும்.

பதில் எப்படி வேண்டும்

அடுத்த செமஸ்டரின் நாட்காட்டி அச்சுக்குப் போவதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். கோரிக்கை வாரியாக, எந்த அலுவலகம் செய்யும், எந்தத் தேதிக்குள் செய்யும் என்று அதில் இருக்க வேண்டும். அதன் நகலைச் செம்மேடு ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள், வளப்பூரிலிருந்தும் சேலூரிலிருந்தும் சந்தைக்கு வருகிற பெற்றோர் நின்று படித்துக்கொள்வார்கள். ஆய்வக அறைக்கான இடத்தைப் பார்க்க அதிகாரிகள் வருகிற நாளில் நாங்களும் உடன் வருகிறோம். எந்தக் கருவி எவ்வளவு இடம் கேட்கும், இருட்டறை எந்த மூலையில் அமையும் என்ற வரைபடம் எங்களிடம் தயாராக இருக்கிறது. ஏற்க முடியாத கோரிக்கை எதுவானாலும் அதன் நேரே காரணத்தை எழுதுங்கள். காரணம் சரியாக இருந்தால் கோரிக்கையைத் திருத்திக்கொண்டு மறுபடி வருவோம்.